கல்குளம் முதல் பசந்தர் வரை: ஒரு திருவிதாங்கூர்ப் பட்டாளத்தின் வரலாறு

இந்தியச் சேனையைச் சேர்ந்த மதராஸ் ரெஜிமெண்டு தன் தோற்றத்தை 1758-ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் சிப்பாய்களைத் திரட்டிய காலத்தில் வைத்து எண்ணுகிறது. அதன் ஒன்பதாவது பட்டாளமோ தன் பிறப்பு 1704-ஆம் ஆண்டு என்கிறது. தாய்க்கு முன்னே பிள்ளை பிறந்தது போன்ற இந்த விந்தைக்குக் காரணம் உண்டு. ஒன்பதாவது பட்டாளம் கம்பெனியார் திரட்டிய படை அன்று. வேணாட்டு மன்னரின் மெய்காவற் படையாகக் கல்குளத்தில் தோன்றி, பின்னர்த் திருவிதாங்கூர்ப் படையாக வளர்ந்து, சமஸ்தானங்கள் மறைந்த பிறகு இந்தியச் சேனையில் இணைந்த படை அது. கல்குளம் என்பது இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பத்மநாபபுரத்தின் பழம்பெயர்.

இந்தப் படை யாருடையது என்ற வினா, கேரளத்தில் குடியிருக்கும் தமிழர் நடுவே அவ்வப்போது எழுவதுண்டு. நாயர் படை என்றே நெடுங்காலம் வழங்கியதால் மலையாளிகளின் படை என்பர் சிலர். பிறந்த மண் இன்று தமிழ்நாட்டில் இருப்பதால் நம்முடையது என்பர் வேறு சிலர். இரண்டு கூற்றிலும் உண்மை உண்டு, இரண்டும் போதா. இருநூற்றைம்பது ஆண்டுகளில் அந்தப் படை எவருக்காகப் போரிட்டது, எவரை எதிர்த்துப் போரிட்டது என்பதை வரிசையாகப் பார்த்தால்தான் வினாவின் முழு வடிவம் தெரியவரும்.

இந்த வரலாற்றைச் சொல்லுவதற்குக் கரமனை நல்ல இடம். திருவனந்தபுரத்தின் தெற்கு வாயில் அது. பத்மநாபபுரத்திலிருந்து வரும் பழஞ்சாலை இங்கேதான் கரமனையாற்றைக் கடந்து கோட்டையை நோக்கிச் செல்லுகிறது. ஆற்றங்கரை அக்கிரகாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இச்சாலையின் போக்குவரத்தைப் பார்த்து வந்திருக்கின்றன. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும், வேளிமலைக் குமாரசுவாமியும் இவ்வழியே எழுந்தருளுவர். மன்னரின் உடைவாள் அவர்களுக்கு முன்னே வரும். தெய்வங்கள் வந்த சாலையிலேதான் படைகளும் வந்தன. நம் படையும் வந்தது. அதனை வென்று கலைத்த படையும் இதே சாலையில்தான் வந்தது.

தொடக்கத்தில் வேணாட்டு மன்னருக்குச் சொந்தமான நிலைப்படை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. களரியில் பயின்ற நாயர் வீரர் ஏராளமாக இருந்தனர். ஆனால் அவர்கள் தத்தம் ஊர்ப் பிரபுக்களுக்கே கட்டுப்பட்டவர்கள். பிரபுக்கள் மன்னரோடு பகைத்தால் வீரர்களும் பகைவராயினர். எட்டு வீட்டுப் பிள்ளைமாரின் கலகத்தால் அரியணையே ஆட்டங்கண்டது. ஆகவேதான் 1726-இல் வேணாட்டரசு திருச்சிராப்பள்ளியில் மதுரை நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, பணம் கொடுத்துக் குதிரைப் படையும் காலாட்படையும் வரவழைத்தது. சொந்தக் குடிகளை அடக்கப் பாண்டி நாட்டுப் படையை நம்பிய நிலை அது. கூலிப்படைக்குச் சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

1729-இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மர் இந்தக் குறையை நன்கு உணர்ந்தவர். அவர் பிரபுக்களை ஈவிரக்கமின்றி ஒடுக்கினார். வீரர்களை நேரே தம் சம்பளத்தில் அமர்த்தினார். ஊருக்கும் பிரபுவுக்கும் உரியவனாக இருந்த வீரன் அரசுக்கு உரியவன் ஆனான். கல்குளத்து மெய்காவற் படை வளர்ந்தது இவ்வாறுதான். அதே சமயம் தமிழ்ப் படைகளையும் அவர் விட்டுவிடவில்லை. வடக்கே போர்கள் மூண்டபோது திருநெல்வேலிச் சீமையிலிருந்து பொன்னம்பாண்டித் தேவரின் குதிரை வீரர்கள் அவருக்குத் துணை நின்றனர். தளவாயாக இருந்து அப்போர்களை நடத்திய இராமய்யனும் தமிழ் அந்தணரே.

மிளகு வாணிகத்தின் பொருட்டு இந்தப் புதிய அரசோடு மோதியவர் உலாந்தாக்காரர், அதாவது டச்சுக் கம்பெனியார். இலங்கையிலிருந்து அவர்கள் அனுப்பிய படை குளச்சலில் இறங்கிக் கோட்டாறு வரையில் கடற்கரையைப் பிடித்துக்கொண்டு, கல்குளத்தையே அச்சுறுத்தியது. மார்த்தாண்ட வர்மர் வடக்கிலிருந்து விரைந்து வந்தார். உலாந்தாக்காரரைக் குளச்சலில் அவர்கள் அமைத்திருந்த அரணுக்குள்ளேயே முற்றுகையிட்டார். உள்ளே வெடிமருந்து தீப்பற்றி உணவுக் கிடங்கும் எரிந்துபோகவே அவர்கள் சரணடைந்தனர். ஆண்டு 1741. நாளைப் பற்றி ஆசிரியர்களிடையே வேறுபாடு உண்டு. ஜூலை 31 என்பாரும் உளர், ஆகஸ்டு 10 என்பாரும் உளர். ஐரோப்பியக் கம்பெனி ஒன்றின் படை இந்திய மன்னர் ஒருவரிடம் இவ்வாறு தோற்றுச் சரணடைந்தது அக்காலத்தில் அரிய செய்தி. 1753-இல் மாவேலிக்கரையில் ஏற்பட்ட உடன்படிக்கையோடு டச்சுக்காரரின் அரசியல் ஆசைகள் இக்கரையில் ஓய்ந்தன.

போரினும் பெரிய பயனைத் தந்தவர் போரில் பிடிபட்ட ஒருவர். எயுஸ்தாக்கியுஸ் டிலனாய் என்பது அவர் பெயர். 1715-இல் ஆராஸ் நகரத்தில் பிறந்தவர். கைதியாக வந்தவரை மன்னர் ஆசிரியராக்கினார். வரிசையில் நிற்கவும், ஒரே சமயத்தில் சுடவும், கட்டளைக்கு ஒருமித்துத் திரும்பவும் டிலனாய் வீரருக்குக் கற்பித்தார். பத்மநாபபுரத்துக்கு அருகே புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலையும் வெடிமருந்துச் சாலையும் அமைத்தார். தனித்தனி வீரனின் வாள் திறமையைப் போற்றிய களரி மரபு, கூட்டமாக இயங்கும் காலாட்படை மரபாக மாறியது அவர் கையில்தான். மக்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்று அழைத்தனர்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு இங்கே ஒரு சொல் சொல்லாமல் போக மனம் வருவதில்லை. வலிய என்பது மலையாளம், கப்பித்தான் போர்த்துக்கீசியம். பட்டாளம் என்பதும் ஐரோப்பியச் சொல்லின் திரிபே. சிப்பாய் பாரசீகத்திலிருந்து வந்தது. துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்தது. பரங்கியர் கொணர்ந்ததால் பீரங்கி. படை, வாள், வேல், அரண் என்று சங்க காலம் தொட்டுச் சொல் வளம் பெற்ற மொழிக்கே இந்த நிலை என்றால், புதிய போர்முறை எத்துணை முழுமையாகப் பழையதை விலக்கிவிட்டது என்பதை அகராதியைக் கொண்டே அறியலாம்.

டிலனாய் 1777-இல் காலமானார். உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இன்றும் இருக்கிறது. அதன் கல்வெட்டு இரண்டு மொழிகளில் உள்ளது: ஒன்று இலத்தீன், மற்றொன்று தமிழ். நாயர் வீரரைப் பயிற்றிய ஐரோப்பியரின் நினைவைத் தமிழில் பொறிப்பது அன்று எவருக்கும் புதுமையாகத் தோன்றவில்லை. எல்லைக்கோடு பற்றி வாதிடுவோர் ஒருமுறை அக்கல்லின் முன் நின்று வரலாம்.

டிலனாய் திட்டமிட்ட அரண்களுள் பெரியது வடக்கே இருந்தது. கொச்சி நாட்டின் வழியே ஏறக்குறைய 48 கிலோமீட்டர் நீளத்துக்கு, கடற்கரைப் பக்கத்திலிருந்து மலையடிவாரம் வரை மண்மேடும் அகழியும் முட்புதரும் கொண்டு அமைந்தது நெடுங்கோட்டை. மைசூர்ப் படைக்கு எதிரான தடுப்பு அது. கார்த்திகைத் திருநாள் ராம வர்மர், அதாவது தர்மராஜா, ஆண்ட காலம். கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை ஆகிய கோட்டைகளை 1789-இல் திருவிதாங்கூர் டச்சுக்காரரிடமிருந்து விலைக்கு வாங்கியது திப்பு சுல்தானுக்குப் போருக்கான சாக்காயிற்று. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் அவரே படை நடத்தி வந்து நெடுங்கோட்டையைத் தாக்கினார். அரணின் ஒரு பகுதி விழுந்தது. ஆனால் உள்ளே புகுந்த சேனையின் பக்கவாட்டிலிருந்து ஒரு சிறு திருவிதாங்கூர்ப் பிரிவு சுடத் தொடங்கியதும் குழப்பம் மூண்டது. முன்னே சென்றோர் திரும்ப, பின்னே வந்தோர் நெருக்க, அகழி மனித உடல்களால் நிறைந்தது. சுல்தான் தம் பல்லக்கையும் விட்டுத் தப்ப நேர்ந்தது. இந்தத் தாக்குதலோடு வைக்கம் பத்மநாப பிள்ளையின் பெயரை மரபு இணைத்துச் சொல்லுகிறது.

வெற்றி நிலைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1790 ஏப்பிரலில் திப்பு மீண்டும் வந்து பீரங்கிகளால் நெடுங்கோட்டையை உடைத்தார். ஆலுவாய் வரையில் வந்துவிட்டார். பெரியாற்றின் மழைவெள்ளமும், ஆங்கிலேயர் மைசூரை நோக்கிப் புறப்பட்ட செய்தியும் அவரைத் திருப்பின. நாட்டைக் காத்ததில் படைக்குப் பாதி, ஆற்றுக்குப் பாதி என்று பங்கிடுவதே நடுநிலை.

திப்புவிடமிருந்து தப்பியதற்குக் கொடுத்த விலை பெரிது. 1795-இல் கம்பெனியாரோடு உடன்படிக்கை ஏற்பட்டது. கம்பெனிப் பட்டாளங்களின் செலவைத் திருவிதாங்கூர் ஏற்றது. நாட்டைக் காக்க அயலார் படை வந்த பின் சொந்தப் படை எதற்கு என்ற எண்ணம் எழுவது இயல்பே. தலைக்குளத்தில் பிறந்து தளவாயாக உயர்ந்த வேலுத்தம்பி, கசானாவின் வறட்சியைக் கண்டு, 1804-இல் நாயர் படையினரின் படியைக் குறைக்க முற்பட்டார். படை கலகம் செய்தது. தளவாயை நீக்கவேண்டும் என்று கோரித் தலைநகரை நோக்கித் திரண்டது. வேலுத்தம்பி கம்பெனியாரின் துணைகொண்டு அதனை மிகக் கொடுமையாக அடக்கினார். அந்தத் துணைக்கும் விலை உண்டு. 1805 ஜனவரியில் கையெழுத்தான புதிய உடன்படிக்கை, திருவிதாங்கூர் ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய தொகையை எட்டு லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

அடுத்த காட்சி நாடகக்காரருக்கும் எளிதில் தோன்றாதது. அதே வேலுத்தம்பி, அந்தத் தொகையின் பாரம் தாங்காமலும் ரெசிடெண்டு மெக்காலேயின் ஆதிக்கம் பொறாமலும், 1808 டிசம்பரில் கம்பெனியாருக்கு எதிராக வாளெடுத்தார். 1809 ஜனவரி 11-இல் குண்டறையிலிருந்து தம் அறைகூவலை வெளியிட்டார். தாம் நான்கு ஆண்டுகளுக்கு முன் நசுக்கிய படையைத்தான் அவர் துணைக்கு அழைக்கவேண்டியிருந்தது. படையும் வந்தது. சம்பளத்துக்காகத் தளவாயை எதிர்த்தவர்கள் நாட்டுக்காக அவர் பின்னே நின்றனர் என்பது இந்தப் பட்டாளத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பெரிதாகத் தோன்றும் செய்தி. குளச்சலைக் காட்டிலும் பெரிது என்றே சொல்லுவேன். குளச்சலில் வெற்றி இருந்தது, இங்கே அதுவும் இல்லை.

கொல்லத்தில் நடந்த போரில் திருவிதாங்கூர் தோற்றது. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலையோடு மலையாகக் கட்டிய அரண் இருந்தது. கர்னல் செயின்ட் லெகர் திருநெல்வேலிப் பக்கமிருந்து கம்பெனிப் படையோடு வந்தார். பிப்ரவரி 10-ஆம் நாள் வைகறையில், மேஜர் வெல்ஷ் தலைமையில் ஒரு பிரிவு செங்குத்தான மலைச்சரிவில் இரவெல்லாம் ஏறி, அரணை மேலிருந்து தாக்கிப் பிடித்தது. அவ்வாறு ஏறியவருள் ஆங்கிலச் சிப்பாய்களோடு மதராஸ் சேனைச் சிப்பாய்களும் இருந்தனர். ஆரல்வாய்மொழி விழுந்ததும் நாஞ்சில் நாடு திறந்துவிட்டது. உதயகிரியும் பத்மநாபபுரமும் எதிர்ப்பின்றி வீழ்ந்தன. டிலனாயின் உலைக்கூடம் பகைவர் கைக்குப் போயிற்று.

கம்பெனிப் படை பழஞ்சாலை வழியே வடக்கே நடந்து, கரமனைக்குத் தெற்கே பாப்பனங்கோட்டில் பாசறை அமைத்தது. ஆற்றின் இக்கரையில் மன்னரின் தலைநகரம். அக்கரைக்குச் சிறிது அப்பால் கம்பெனியின் கூடாரங்கள். மன்னர் பணிந்தார். வேலுத்தம்பி தலைமறைவாகி, மண்ணடியில் கோயிலுக்குள் பிடிபடும் தறுவாயில் உயிர் நீத்தார். அவருடைய உடலைக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் பலர் காணத் தொங்கவிட்டனர். வைக்கம் பத்மநாப பிள்ளையும் அவ்வாண்டே தூக்கிலிடப்பட்டார். படை கலைக்கப்பட்டது. அரண்மனைக் காவலுக்கும் திருவிழாச் சடங்குக்கும் வேண்டிய சில நூறு பேரே எஞ்சினர்.

1704 முதல் இடையறாது வந்த படை என்று பட்டாளத்தார் பெருமை பேசும்போது, அந்தச் சில நூறு பேரை நினைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் இல்லையேல் மரபு 1809-இல் அறுந்திருக்கும். நெற்பயிர் அழிந்த வயலில் விதைக்கோட்டை மட்டும் மிஞ்சியது போன்றது அது.

பின்னர் வந்த நூறு ஆண்டுகளை விரைவாகவே கடந்துவிடலாம். 1819-இல் ராணி கௌரி பார்வதி பாயி காலத்தில் கம்பெனியின் இசைவோடு இரண்டு பட்டாளங்கள் திரட்டப்பட்டன. தலைமை ஐரோப்பிய அதிகாரிகளிடம் இருந்தது. 1830-இல் இதற்கு நாயர் பிரிகேடு என்று பெயர் வந்தது. போர் இல்லை. கசானாவையும் சிறையையும் காப்பது, ஆராட்டு ஊர்வலத்தில் சங்குமுகம் வரையில் அணிவகுத்து நடப்பது, விருந்தாளி துரைமாருக்கு மரியாதை செய்வது என்று காலம் போயிற்று. நகரின் நடுவே பாளையம் என்ற பெயரை மட்டும் படை விட்டுச் சென்றிருக்கிறது. 1935-இல் திருவிதாங்கூர் இந்திய சமஸ்தானப் படைத் திட்டத்தில் சேர்ந்தது. லெப்டினண்டு கர்னல் ஸ்டூவர்டு என்பவர் பழைய பிரிகேடைப் புதுமுறைக் காலாட்படையாக மாற்றி அமைத்தார். ஒரு பட்டாளம் முதலாம் திருவிதாங்கூர் நாயர் காலாட்படை ஆயிற்று. பின்னர் இரண்டாம் நாயர் காலாட்படையும் அமைந்தது.

இந்தக் காலத்து வரலாற்றில் கசப்பான ஏடு ஒன்றும் உண்டு. 1946 அக்டோபரில் ஆலப்புழைப் பக்கத்தில் புன்னப்புரையிலும் வயலாரிலும் தொழிலாளர் எழுச்சி மூண்டபோது, திவான் சர் சி. பி. ராமசுவாமி ஐயரின் அரசு சமஸ்தானப் படையை ஏவியது. சமஸ்தானச் சேனை சமஸ்தானக் குடிகள்மீதே சுட்டது. எத்தனை பேர் மாண்டனர் என்பதில் கணக்குகள் மிகவும் மாறுபடுகின்றன. நூற்றுக்கணக்கானோர் என்பதில் ஐயமில்லை. பட்டாளங்களின் விழா மலர்களில் இத்தகைய ஏடுகள் காணப்படுவதில்லை. 1804-இல் தன் கூலிக்காகத் தளவாயை எதிர்த்து நின்ற படையின் வழித்தோன்றல்கள் 1946-இல் கூலிக்காகப் போராடியோரைச் சுட நேர்ந்தது என்பதை மறைத்துவிட்டுக் குளச்சலை மட்டும் பாடுவது வரலாறு ஆகாது.

1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. சமஸ்தானப் படைகள் இந்தியச் சேனையில் கரைந்தன. 1954-இல் முதலாம் நாயர் காலாட்படை மதராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாவது பட்டாளமாகவும், இரண்டாவது அதன் பதினாறாவது பட்டாளமாகவும் பெயர் பெற்றன. நாயர் என்ற சாதிப் பெயர் போயிற்று. திருவிதாங்கூர் என்ற நாட்டுப் பெயர் நின்றது. ஆரல்வாய்மொழி மலையில் ஏறி வந்தது மதராஸ் சேனை. 145 ஆண்டுகளுக்குப் பின் அன்று தோற்ற படை மதராஸின் பெயரையே சூடிக்கொண்டது. நீலகிரியில் வெலிங்டனிலுள்ள ரெஜிமெண்டு மையத்தில் தமிழரும் மலையாளிகளும் தெலுங்கரும் கன்னடியரும் சேர்ந்து பயிற்சி பெறுகின்றனர். அவர்களுடைய போர் முழக்கம் 'வீர மதராஸி, அடி கொல்லு' என்பது. அடி, கொல்லு என்ற இரண்டு சொற்களும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. மொழிபெயர்ப்பாளனுக்கு அங்கே வேலை இல்லை.

புதிய கொடியின் கீழ் போரும் வந்தது. 1965 செப்டம்பர் 7-ஆம் நாள் இரவில் சியால்கோட்டுப் பகுதியில் மகாராஜ்கேயைப் பிடித்த தாக்குதலில் ஒன்பதாவது பட்டாளம் பங்கு கொண்டது. தென்னங்கீற்று நிழலில் வளர்ந்த பிள்ளைகள் பஞ்சாபின் கரும்பு வயல்களில் இரவுப் போர் செய்தார்கள். 1971 டிசம்பரில் பசந்தர் ஆற்றங்கரையில் பதினாறாவது பட்டாளம் கண்ணிவெடி நிலத்தைக் கடந்து அக்கரையில் காலூன்றி, பகைவரின் எதிர்த் தாக்குதல்களைத் தாங்கி நின்றது. அதன் தலைவர் லெப்டினண்டு கர்னல் வேத் பிரகாஷ் கய் அப்போரில் உயிர் நீத்தார். அவருக்கு மறைவுக்குப் பின் மகாவீர் சக்கரம் வழங்கப்பெற்றது. தலைவர் வடநாட்டவர், வீரர் தென்னாட்டவர், ஆறு ஜம்முவில் பிறந்து பாகிஸ்தானுக்குள் பாய்வது. படை யாருடையது என்ற நம் பழைய வினா பசந்தர்க் கரையில் எவருக்கும் எழுந்திராது.

எனினும் எல்லைக்கோடு தன் வேலையைச் செய்தது. 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பட்டாளம் பிறந்த பத்மநாபபுரமும், வென்ற குளச்சலும், பயின்ற உதயகிரியும், தோற்ற ஆரல்வாய்மொழியும் தமிழ்நாட்டில் அமைந்துவிட்டன. பணிந்த பாப்பனங்கோடும், நடைபயின்ற பாளையமும், காத்து நின்ற பத்மநாபசுவாமி கோயிலும் கேரளத்தில் நின்றன. பத்மநாபபுரம் அரண்மனை மட்டும், தமிழ்நாட்டு மண்ணில் இருந்தும், கேரள அரசின் பாதுகாப்பில் இருந்துவருகிறது.

குளச்சல் கடற்கரைக்கு அருகே வெற்றித் தூண் ஒன்று நிற்கிறது. ஜூலை 31-ஆம் நாள் திருவனந்தபுரத்துப் பாங்கோடு படைநிலையத்திலிருந்து மதராஸ் ரெஜிமெண்டு வீரர்கள் அங்கே சென்று மலர்வளையம் வைப்பது வழக்கம். அவர்களுடைய வண்டிகள் கரமனைப் பாலத்தைக் கடந்து, பாப்பனங்கோடு, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை வழியாகக் களியக்காவிளையில் மாநில எல்லையைத் தாண்டித் தெற்கே போகின்றன.